ஹெல்காவுக்குச் சோறு போட்ட நான்கு நாட்கள்

நோந்தபுரி,
புதன்கிழமை, துணி காயும் நேரம்.

பாசமுள்ள புவாலை அக்காவின் காலடியில் விழுந்து தங்கை லம்துவன் எழுதிக்கொள்வது. அக்காவும் அத்தானும் அத்தானின் இரண்டு எருமைகளும் குறைவில்லாமல் இருக்கவேண்டுமென்று காலையில் ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நெஞ்சுச் சளி இறங்கியதா, அத்தான் புகையிலையை விட்டாரா, வடக்கு வயலில் நெல் பால் பிடித்ததா என்று வரிசையாக விசாரிக்கத்தான் ஆசை. ஆனால் அக்கா, என்னால் உட்கார முடியவில்லை. இதுவரை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை துணி காய்ந்ததா என்று பார்க்க, ஒரு தடவை காய்ந்திருக்காது என்று தெரிந்தே பார்க்க, இன்னொரு தடவை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். போன வருஷம் என் மூலக்கடுப்பு விஷயத்தை நம் தெரு முழுக்கக் கேட்டு, நான் ஊருக்கு வந்தபோது ஐஸ் விற்கிறவன்கூட "இப்ப தேவலையா அக்கா?" என்று கேட்டான். அதனால்தான் கடிதம்.

முதலில் முக்கியமான செய்தி. நான் வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மோ சித் நிலையத்தில் பஸ் ஏறினால் ஞாயிறு விடியும்போது நம் யசோதோன். அத்தானை வண்டியோடு அனுப்பு. என்னிடம் ஒரு பெட்டி, ஒரு சோற்றுக் குக்கர், ஒரு மேசை விசிறி, அவ்வளவுதான். காரணத்தைப் படித்துவிட்டு நீ சிரிக்கக் கூடாது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. நான் ஒருத்திதான் சிரித்தேன், அதுதான் பெரிய தப்பாகிவிட்டது.

இந்த வீட்டு ஆட்களைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். டென்மார்க்காரர்கள். குன் யெப்பே காற்றாலைக் கம்பெனியில் பொறியாளர், பனைமர உயரம், தலை இடிக்காத வாசல் இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவர் மனைவி குன் மேதே. எஜமானர்கள் என்பதால் இரண்டு பேருக்கும் மரியாதையாகக் 'குன்' போட்டே எழுதுகிறேன். அவர்கள் மகள் லிவ், ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் நம் மொழி படிக்கிறாள், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அவள்தான் துபாஷி. நல்ல மனிதர்கள்தான் அக்கா, அதுதான் தொல்லை. குன் மேதேக்கு வேலை வாங்கத் தெரியாது. நான் எழுந்து வருவதற்குள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். அதில் சோப்பு வழுவழுப்பு இருக்கும். அவர் குளிக்கப் போனதும் நான் எல்லாவற்றையும் திரும்பக் கழுவுவேன். ஒருநாள் பாதியில் வந்து பார்த்துவிட்டார். மறுநாள் முதல் அவர் இரண்டு தடவை கழுவ ஆரம்பித்தார், நான் மூன்றாவது தடவை. தண்ணீர் இலாகாவுக்குத்தான் கொண்டாட்டம். ஆள் பிடித்துக் கொடுத்த பெண் முதல்நாள் என்னைக் காட்டி "இவங்கதான் உங்க மே பான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் நான் மே பான்தான். வீட்டுவேலைக்காரம்மா காலை வணக்கம், வீட்டுவேலைக்காரம்மா நன்றி, வீட்டுவேலைக்காரம்மா இனிய கனவுகள். டாக்டரை டாக்டர் என்று கூப்பிடுகிற மாதிரி அவர்கள் ஊரில் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ அனுப்பிய பிளாரா மீன் ஊறல் ஜாடியின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதை மூன்று மூடி போட்டுச் சமையலறை மூலையில்தான் வைத்திருந்தேன். ஒருநாள் அவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்தேன், அன்றைக்கென்று குன் யெப்பே சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று இரண்டு தடவை முகர்ந்தார். அடுத்த நிமிடம் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார், என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. காஸ் கசிகிறதாம்! காஸ் கம்பெனிக்காரன் வந்தான். நம் பக்கத்து உபோன் ஊர்க்காரன். உள்ளே போய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காஸ் இல்லக்கா, பிளாரா. யாரு போட்டது? ஒரு கரண்டி கிடைக்குமா?" என்றான். கொடுத்து அனுப்பினேன். அவர்களிடம் "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றே ஜாடியைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். இந்த வீட்டில் புளித்த வாசனை ஆகாது என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள், ஏனென்றால் யாரும் கேட்காவிட்டாலும் என் பக்கத்து நியாயம் இதுதான்.

போன வியாழக்கிழமை விடிவதற்கு முன்னே மூன்று பேரும் கிராபிக்குக் கடல் பார்க்கப் போனார்கள், நான்கு நாள். நான் எழுந்து வந்தபோது மேசையில் ஒரு சீட்டு இருந்தது. போனில் மொழிபெயர்த்து அதைப் பார்த்து எழுதியிருந்தார்கள், எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்: "அன்புள்ள மே பான். நாங்கள் இல்லாதபோது ஹெல்காவுக்கு மறக்காமல் உணவு கொடுங்கள். அவள் குளிரான இடத்தில் இருக்கிறாள். இரண்டு கரண்டி, சிறிது தண்ணீர் போதும். அவளுக்கு முப்பத்தொரு வருடம் ஆகிறது. பசியோடு விட்டால் கோபம் வரும். அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. நன்றி."

நீயே சொல் அக்கா, உனக்கு இதில் என்ன புரிகிறது? வீட்டில் பூனை இல்லை, நாய் இல்லை, மீன் தொட்டிகூட இல்லை. மாடி, கொட்டகை, துணி அலமாரி எல்லாம் திறந்து "ஹெல்கா, ஹெல்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் குளிர்பெட்டி முன்னால் வந்து நின்றபோதுதான் விளங்கியது. அதன் கதவில் ஒரு படம் காந்தத்தால் ஒட்டியிருக்கும். ரோமத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா, முழங்கால் வரை பனி, சிரித்துக்கொண்டு நிற்பார். இதைவிடக் குளிரான இடம் எது? முப்பத்தொரு வருடம் என்றால் போய்ச்சேர்ந்து முப்பத்தொரு வருடம். பசியோடு விட்டால் கோபம் வரும் என்றால் அது யாருக்கு வரும் என்று நமக்குத் தெரியாதா? எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது அக்கா. வெள்ளைக்காரர்கள் செத்தவர்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று நாம் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறோம். முப்பத்தொரு வருடமாக, நாடு விட்டு நாடு வந்தும், ஊருக்குப் போகும்போது சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள்! அந்த இரண்டு கரண்டிதான் பிடிக்கவில்லை. பெற்றவளோ மாமியாரோ, யாராக இருந்தாலும் இரண்டு கரண்டியா?

நான் ஒழுங்காகவே செய்தேன். சின்ன மேசை ஒன்றைக் குளிர்பெட்டி முன்னால் போட்டு, வெள்ளைத்துணி விரித்து, சந்தையில் மல்லிகை மாலை வாங்கிப் படத்துக்குச் சாத்தி, ஒரு டம்ளரில் அரிசி நிரப்பி ஊதுபத்தி குத்தி, சிவப்பு சோடாவை உறிஞ்சுகுழல் போட்டு வைத்தேன். வியாழன் முட்டைப் பொரியல், சோறு, தெளிந்த ரசம். வெள்ளி நம் ஊர்ச் சாப்பாடு, கொல்லைப் பப்பாளியில் சோம்தாம், ஒட்டரிசிச் சோறு, சுட்ட கோழி. குளிர் தேசத்து நாக்கு தாங்காதே என்று மிளகாய் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று வேளையும் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சொன்னால் உனக்கு ஒருமாதிரி இருக்கும், ஆனால் என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்குச் சமைக்கத் தெரியும், யார் முன்னால் வைப்பது என்றுதான் தெரியாது. நான்கு மாதத்தில் இந்த வீட்டில் நான் முழு வாக்கியமாகப் பேசியது ஹெல்காவோடுதான். குன் மேதே பாத்திரம் கழுவுவதைப் பற்றிச் சொன்னேன். எட்டு வீட்டில் வேலை செய்தும் ஒரு வீட்டில்கூட யாரும் என்னிடம் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டதில்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்கத் தெரிந்த முகம்.

இரு, மெஷின் கத்துகிறது.

வந்துவிட்டேன். சனிக்கிழமை வீடு முழுக்கக் கழுவினேன். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு குன் யெப்பேயின் பீர்த்தட்டு, நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஆள் இல்லாதபோதாவது துடைப்போமே என்று புட்டிகளை எடுத்தால், பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி. வாயில் துணி கட்டி ரப்பர் வளையம். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கூழ், முட்டை முட்டையாக நுரைத்துப் பொங்கி வெளியே வழிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் சாராயக்கடை வாசனை. என் பிளாராவுக்குக் காஸ்காரனைக் கூப்பிட்டவர் மறந்துபோய் எதையோ அழுகவிட்டிருக்கிறார், பாவம், வந்து பார்த்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தெருவுக்கு ஓடுவாரே என்று கொல்லைப் பப்பாளி அடியில் ஊற்றிவிட்டேன். ஜாடியைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். வைரம் போலப் பளபளத்தது. அழகான ஜாடியாக இருக்கிறதே என்று அதில் துலுக்கச் சாமந்தி வைத்து ஹெல்கா முன்னால் வைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் வந்து இறங்கினார்கள். மூன்று பேரும் வேகவைத்த இறால் நிறத்தில். குன் யெப்பே பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மே பான்! ஹெல்கா... நல்லா?"

"ரொம்ப நல்லா இருக்காங்க. வெள்ளிக்கிழமை கோழியும் சோம்தாமும் சாப்பிட்டாங்க. இன்னிக்கு நூடுல்ஸ். சோடாதான் அதிகம் இறங்கல."

அவர் லிவ்வைப் பார்த்தார். லிவ் அவளுக்குத் தெரிந்த மட்டும் மாற்றிச் சொன்னாள். குன் மேதே சிரித்தார், குழந்தை தப்பாகச் சொல்கிறது என்று நினைத்திருப்பார். அந்தச் சமயம் பார்த்து லிவ் கையிலிருந்த போன் அடித்தது. படம் தெரிகிற அழைப்பு. அவள் பேசிக்கொண்டே சமையலறைக்குள் ஓடிவந்தாள், போனை என் பக்கம் திருப்பினாள்.

போனுக்குள் ஹெல்கா! ரோமத் தொப்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதே முகம், அதே சிரிப்பு, கையை ஆட்டுகிறார்! அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "தப்பா ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்கம்மா, மிளகாய் ரெண்டுதான் போட்டேன்!" என்று கத்திவிட்டேன். போனுக்குள் இருந்தவர் தன் படத்தைப் பார்த்தார், கழுத்தில் மாலையைப் பார்த்தார், ஊதுபத்திப் புகையைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

லிவ் என்னிடம் குனிந்து, "மே பான், அவங்க கேக்கறாங்க, அவங்க எப்ப செத்தாங்களாம்?" என்றாள்.

அது குன் யெப்பேயின் அம்மா. கிர்ஸ்தன் என்று பெயர். நன்றாக உயிரோடு இருக்கிறார், சைக்கிள் ஓட்டுகிறார். விஷயம் விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஒவ்வொரு கிண்ணத்திலும் என்ன இருந்தது என்று கேட்டார். உயிரோடு இருக்கும்போது இத்தனை வகை யாரும் தனக்குச் சமைத்துப்போட்டதில்லை என்றார். குன் மேதேயும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் அப்பாடா என்று எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் குன் யெப்பேயைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. சாமந்தியைப் பார்க்கவில்லை. ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹெல்கா அந்தக் கூழ்தான் அக்கா. அவர் அப்பா ரொட்டி சுடுகிறவராம். குன் யெப்பேக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவும் மகனுமாக அந்த மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, கொஞ்சம் எடுத்து ரொட்டி சுடுவது, மீதிக்கு மாவு போட்டு வளர்ப்பது என்று வைத்திருக்கிறார்கள். அப்பா போய்ப் பத்து வருடம். மாவு மட்டும் அவர் கைப்பட ஆரம்பித்தது, அப்படியே வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில்தான் ரொட்டி சுடுவாராம். ஞாயிறு எனக்கு விடுமுறை, திரும்பி வரும்போது மேசையில் செங்கல் மாதிரி ஒரு கறுப்பு ரொட்டி இருக்கும், ஏதோ கடையில் வாங்கி ஏமாந்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான். "எங்கே ஊத்தினீங்க?" என்று லிவ் கேட்டாள், நான் கொல்லையைக் காட்டினேன், அவ்வளவு உயரமான மனிதர் ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பப்பாளி அடியில் மண்டியிட்டார். எறும்புகள் அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தன. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிவிட்டிருந்தது. மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

நமக்கு அவமானம் வந்தால் முகம் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். அப்பாவின் சைக்கிளைக் கால்வாயில் விட்டுவிட்டு வந்து நீ நின்றாயே, அந்தச் சிரிப்பு. அப்பாவுக்கு அது புரிந்தது, ஒரு அடியோடு விட்டார். குன் யெப்பேக்குப் புரியவில்லை. அவர் முகம் மூடிக்கொண்டது. கரண்டியை மண்ணிலேயே வைத்துவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனார், கதவு நிலையில் தலை இடித்தது, கையைக்கூடத் தலைக்குக் கொண்டுபோகவில்லை. நான் சிரிப்பை நிறுத்தப் பார்த்தேன் அக்கா. நிறுத்த வரவில்லை.

திங்கள் முழுக்க வீட்டில் பேச்சு இல்லை. குன் மேதே மட்டும் என்னை எங்கே பார்த்தாலும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். எண்ணினேன், பதினான்கு தடவை. ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை, பதினான்கு தடவை சொன்னால் என்ன அர்த்தம்? ஒட்டடையே இல்லாத இடத்தில் ஒட்டடை அடித்தேன். கழுவிய தரையைக் கழுவினேன். சாயங்காலம் லிவ் வந்து என் கட்டுத்துணி நுனியைப் பிடித்துக்கொண்டு, "மே பான், ஹெல்காவுக்கு யாரும் ஒண்ணும் செய்யலயே. செத்தா கோயிலுக்குப் போகணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

நேற்றுக் காலை நான்கு பேரும் கால்வாய் ஓரத்துக் கோயிலுக்குப் போனோம். தானத்துக்கு, பிக்குவுக்கான சாமான்கள் நிரப்பிய மஞ்சள் வாளி வாங்கியிருந்தேன். பெரிய பிக்கு வயதானவர், காது கொஞ்சம் மந்தம். பேர் எழுதும் தாளை எடுத்தார்.

"போனவங்க பேரு என்னம்மா?"

"ஹெல்கா, சாமி."

"வெளிநாடா?"

"ஆமா சாமி. நாலு மாசமா நோந்தபுரியில இருந்தாங்க."

"இவங்களுக்கு என்ன உறவு?"

"மாவு, சாமி."

"மாமாவா? பேரு பொம்பளப் பேரா இருக்கே."

"மாமா இல்ல சாமி. மாவு. ரொட்டி மாவு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். குன் யெப்பேக்கு மண்டியிட்டு உட்கார வராது, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன.

"உசிரு இருந்துச்சா?"

"மூச்சு விட்டுச்சு சாமி. முட்டை முட்டையா."

"எப்படிப் போச்சு?"

"நான்தான் கொட்டிட்டேன்."

"வேணும்னா?"

"ஐயோ இல்ல சாமி. சுத்தம் பண்ணினேன்."

"சுத்தம் பண்றேன்னு கிளம்பினவங்களாலதான் இந்தக் கோயில்ல பாதிப் பூஜை நடக்குது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு குன் யெப்பேயைப் பார்த்து, "யாரு செஞ்ச மாவு?" என்றார். லிவ் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே நம் மொழியில் சொன்னார். "அப்பா." நான்கு மாதத்தில் அவர் ராகம் பிசகாமல் சொன்ன முதல் வார்த்தை. "என் அப்பா. ஆக்செல்." பிக்கு அந்தப் பெயரையும் ஹெல்காவுக்கு மேலே எழுதினார்.

"தானம் பண்றவங்க பேரு?" யெப்பே, மேதே, லிவ் என்று மூன்றும் ஆயிற்று. என் பக்கம் திரும்பினார். எனக்கு முன்னால் குன் மேதே முந்திக்கொண்டு, என்னைத் தொட்டுக்காட்டி, பெருமையாக, "மே பான்!" என்றார்.

"அது வேலைம்மா," என்றார் பிக்கு. "இவங்க பேரைக் கேட்டேன்."

"லம்துவன், சாமி" என்றேன்.

லிவ் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள். குன் மேதேயின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. "நாலு மாசம்?" என்று விரலைக் காட்டினார். நானும் நான்கு விரலைக் காட்டினேன். "ஏன் சொல்லல?" என்றார். "நீங்க கேக்கல" என்றேன். கோயில் என்றுகூடப் பார்க்காமல் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கோ மறுபடி அந்தச் சிரிப்பு வந்து தொலைத்தது. லிவ் தன் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். இவங்களுக்கு அழுகை வந்தா இப்படித்தான்ப்பா என்று சொன்னாளாம், எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

பிக்கு மந்திரம் சொல்ல, குன் யெப்பே சின்னக் கெண்டியிலிருந்து நீரைக் கிண்ணத்தில் நூல் போல வார்த்தார். குன் மேதே அவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டார், லிவ் அம்மாவைத் தொட்டுக்கொண்டாள். நான் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். லிவ் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி என் கையைத் துழாவி எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டாள். அவள் தோள் வழியாகக் குன் யெப்பேயின் நடுக்கம் என் கைக்கு வந்தது. நீர் தீரும்வரை அவர் நிமிரவில்லை. அந்த நீரை அவரே எடுத்துப்போய் வெளியே மரத்தடியில் ஊற்றினார்.

எல்லாம் நல்லபடி முடிந்ததே, பிறகு ஏன் விலகினாய் என்பாய். அங்கேதான் அக்கா எனக்கு உறைத்தது. மாவைக் கொட்டினோம் என்றால் ஒருமாதிரி. ஒரு மனிதனின் அப்பாவைப் பப்பாளிக்கு ஊற்றிவிட்டு அவர் வீட்டிலேயே எப்படிச் சோறு தின்பது? மத்தியானம் குன் மேதேயிடம் போய் நின்று, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். மனதுக்குள் ஒரு ஓரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? வேண்டாம் என்பார், ஒரு தடவையாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது! "ரொம்ப நல்லது! சனிக்கிழமை! ரொம்ப ரொம்ப நல்லது!" என்று கை தட்டினார் அக்கா, கை தட்டினார். எட்டு வீடு மாறியிருக்கிறேன். திட்டி அனுப்பியிருக்கிறார்கள், ஒரு வீட்டில் பையைச் சோதித்துக்கூட அனுப்பியிருக்கிறார்கள். யாரும் கை தட்டி அனுப்பியதில்லை.

அதிலிருந்துதான் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்களோ பரபரவென்று இருக்கிறார்கள். பெரிய பெட்டியை மாடியிலிருந்து இறக்கிவிட்டார்கள், நான் போனதும் இன்னொரு கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள் போலிருக்கிறது. காரைக் கழுவுகிறார் குன் யெப்பே. காலையில் என்னிடம் வந்து, "உங்க ஊருல கொசு அதிகமா?" என்று கேட்டார். போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? "இங்க இருக்கற அளவுக்கு இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு போகிறார். நல்லவர்கள் என்று மேலே எழுதினேன், அதை அடித்துவிடு. கல்நெஞ்சுக்காரர்கள். குளிர் தேசத்தில் வளர்ந்தால் நெஞ்சும் அப்படித்தான் உறைந்துபோகும்.

ஆகவே அக்கா, கிழக்கு அறையைக் கூட்டி வை. கொசுவலையில் ஓட்டை இருந்தால் தைத்து வை. இனி நான் யார் வீட்டுப் பாத்திரத்தையும் தொடப்போவதில்லை. நம் வயல், நம் அடுப்பு, நம் ஜனம் என்று இருந்துவிடுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். எருமைகளுக்குத் தடவிக் கொடுப்பது. உனக்கும் வீட்டுக்கும் புத்தர் அருளும் நம் அப்பா அம்மா ஆசியும் நீங்காமல் இருக்கட்டும். மழையில் நனையாதே, மருந்தை விடாதே.

என்றும் உன் பாதம் பணியும்,
லம்துவன்

பின்குறிப்பு: அக்கா, பஸ் நிலையத்துக்கு அத்தானை அனுப்பாதே! உறையை ஒட்டப் போகும்போது குன் மேதே போனை நீட்டிக்கொண்டு வந்தார். அதில் எழுதியிருந்தது: "லம்துவன் அக்கா, உங்கள் விடுப்பு எத்தனை நாள்? திங்களும் அரசு விடுமுறை என்பதால் நாங்களே காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம். நீங்கள் பிறந்த வீட்டைப் பார்க்க மூவருக்கும் ஆசை. உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் சொல்லிவிடுங்கள்." நான் சொன்னது 'லா ஓக்'. அவர் காதில் லீவு என்கிற 'லா' மட்டும்தான் விழுந்திருக்கிறது. விலகுகிறேன் என்று அழாத குறையாகச் சொன்னவளுக்கு விடுப்புக் கொடுத்துக் கை தட்டியிருக்கிறார். திருத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "கூச்சம் ஒண்ணுமில்ல" என்று வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நான்கு பேராக வருகிறோம். இரண்டு பாயை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து வை, இல்லாவிட்டால் குன் யெப்பேயின் கால் எருமைக் கொட்டகையில் கிடக்கும். வாசல் நிலைக்கு மேலே பழந்துணி சுற்றச் சொல். குன் மேதே பாத்திரம் கழுவ வந்தால் தடுக்காதே, பிறகு நாம் கழுவிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை வாசித்த கையோடு அடுப்பில் போடு. லிவ் இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், நேற்று ஷாம்பு புட்டியை முழுசாகப் படித்துவிட்டாள், கல்நெஞ்சு என்கிற வார்த்தையெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பின்குறிப்புக்கு வருவதற்குள் நான் வேலையை விட்டதாக ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டாயானால், இன்றே போய் இல்லையென்று சொல். நான் லீவில் வருகிறேன். அவர்கள் கேட்டாலும் அதையே சொல், அத்தான் கேட்டாலும் அதையே சொல், திண்டாட்டம் வந்து நானே உன்னிடம் கேட்டாலும் அதையே சொல்.